பால் நாளத்தில் பாப்பிலோமா: அது வைரஸ் தொற்றா?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வயது 42. வலது மார்பகக் காம்பில் ஒரே ஒரு துளையிலிருந்து, அழுத்தாமலே, இரத்தம் கலந்த நீர் கசிந்து உள்ளாடையில் கறை படுகிறது. ஸ்கேனில் காம்புக்குச் சற்றுப் பின்னால் 8 மில்லிமீட்டரில் ஒரு சின்னக் கட்டி தெரிந்தது. ஊசி பயாப்ஸி செய்தார்கள். அறிக்கையில் ‘இன்ட்ராடக்டல் பாப்பிலோமா, ஏட்டிப்பியா இல்லை’ (பால் நாளத்துக்குள் வளர்ந்த பாப்பிலோமா, செல்களில் ஒழுங்கின்மை இல்லை) என்று வந்திருக்கிறது. அந்தப் பெயரை இணையத்தில் தேடியதும் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ் (சுருக்கமாக ஹெச்.பி.வி.) என்று வந்தது, கூடவே அது உடலுறவால் பரவும் என்றும் வந்தது, வீட்டில் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது. இந்தக் கட்டி வைரஸால் வந்ததா, ஹெச்.பி.வி. பரிசோதனை வேண்டுமா, தடுப்பூசி போட்டால் கரையுமா, 12 வயது மகளுக்கு ஒட்டுமா என்று நான்கு கேள்விகள் எழுதியிருக்கிறீர்கள். எழுதாமல் விட்ட ஐந்தாவது கேள்வி ஒன்று இருக்கிறது: இந்த அறிக்கையை வைத்து வீட்டில் யாராவது யார் மீதாவது சந்தேகப்படலாமா? அதற்குத்தான் முதல் பதில். கூடாது. அந்த அறிக்கையில் தொற்று பற்றி ஒரு சொல்லும் இல்லை. வைரஸைத் தேடிச் செய்த சோதனையே அல்ல அது.

திசு ஸ்லைடுகளை நுண்ணோக்கியில் பார்த்து அறிக்கை எழுதும் நோய்க்குறியியல் துறையிலிருந்து இதை எழுதுகிறேன். பாப்பிலோமா என்று நாங்கள் எழுதுவது கட்டியின் வடிவத்தைப் பார்த்து. நடுவில் மெல்லிய இரத்தக்குழாயும் கொஞ்சம் நார்த்திசுவும் தண்டு போல் ஓட, அதைச் சுற்றிச் செல்கள் போர்த்தியபடி கிளை கிளையாக நீட்டிக்கொண்டிருந்தால் அது பாப்பிலோமா. அந்த வடிவம் உடலில் பல இடங்களில் வரும். தோலில் வரும் மரு அப்படித்தான் இருக்கும், சிறுநீர்ப்பையிலும் வரும், மூளையில் தண்டுவட நீர் சுரக்கும் பின்னலிலும் வரும். தோல் மருவுக்கும் குரல்வளைப் பாப்பிலோமாவுக்கும் ஹெச்.பி.வி. காரணம் என்பது ஐயமில்லாமல் நிறுவப்பட்டது. மூளையில் வரும் பாப்பிலோமாவுக்கு ஹெச்.பி.வி. காரணம் என்று யாரும் சொல்வதில்லை. வைரஸுக்கு அந்தப் பெயர் வந்தது, அது முதலில் மருக்களிலிருந்து அடையாளம் காணப்பட்டதால். 1933இல் ரிச்சர்ட் ஷோப் அமெரிக்கக் காட்டு முயல்களின் தோல் வளர்ச்சிகளில் இந்த வகை வைரஸைக் கண்டுபிடித்தார். ஆக, இந்த வைரஸ்கள் சில பாப்பிலோமாக்களை உண்டாக்குகின்றன. எல்லாப் பாப்பிலோமாவையும் இவை உண்டாக்குவதில்லை.

இனி உங்கள் கட்டி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கலாம். ஒவ்வொரு மார்பகத்திலும் பதினைந்து இருபது பால் நாளங்கள் காம்பை நோக்கி வருகின்றன. நாளத்தின் உட்சுவரில் இரண்டே அடுக்குச் செல்கள்: உள்பக்கம் சுரப்பு சம்பந்தப்பட்ட செல், அதற்கு வெளியே சுருங்கி விரியக்கூடிய மயோஎப்பித்தீலியல் செல். சாதுவான, அதாவது புற்றல்லாத, பாப்பிலோமாவில் இந்த இரண்டு அடுக்கும் அப்படியே இருக்கும். வெளி அடுக்கு காணாமல் போனால் எங்களுக்குக் கவலை வரும். ஐயம் இருந்தால் பி63, கால்போனின் போன்ற சாயங்கள் போட்டு அந்த அடுக்கு இருக்கிறதா என்று உறுதி செய்வோம். காம்புக்கு அருகே பெரிய நாளத்தில் தனியாக வருவது மையப் பாப்பிலோமா; முப்பது முதல் ஐம்பத்தைந்து வயதுக்குள் அதிகம் காணப்படும். அதன் தண்டிலுள்ள இரத்தக்குழாய் மெலிதானது. தண்டு சற்று முறுக்கிக்கொண்டாலே நுனிக்கு இரத்த ஓட்டம் குறைந்து அந்தப் பகுதி அழுகி உதிரும், இரத்தமும் கசியும். உங்கள் உள்ளாடையில் படும் கறை பெரும்பாலும் இதனால்தான். கசிவில் இரத்தம் இருப்பதாலேயே அது புற்றுநோய் ஆகிவிடாது. ஒரு துளையிலிருந்து தானாக வரும் இரத்தக் கசிவுக்கு மிக அடிக்கடி காணப்படும் காரணமே இந்தச் சாதுக் கட்டிதான். மார்பகத்தின் ஓரப் பகுதிகளில், நுண்ணிய நாள முனைகளில், பலவாக வருவது இன்னொரு வகை. அதில் கசிவு குறைவு, மேமோகிராமில் தற்செயலாகத் தெரியும், பிற்கால அபாயமும் கொஞ்சம் கூடுதல். உங்கள் விவரத்தைப் பார்த்தால் முதல் வகை போலத் தெரிகிறது.

ஹெச்.பி.வி. இந்த இடத்துக்கு ஏன் எளிதில் பொருந்தவில்லை என்பதுதான் உங்கள் கேள்வியின் நடுப்பகுதி. இந்த வைரஸ் மிகச் சிறியது; சுமார் 8000 இணை எழுத்துகள் கொண்ட வட்ட டிஎன்ஏ. இருநூறுக்கும் மேல் வகைகள் உண்டு. அது வாழத் தேர்ந்தெடுக்கும் வீடு, தோலிலும் கருப்பை வாயிலும் தொண்டையிலும் இருக்கும் பல அடுக்குத் தட்டைச் செல் படலம். கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்பு வழியாக அடி அடுக்குச் செல்லுக்குள் நுழையும். அந்தச் செல் முதிர்ந்து மேலே மேலே வர, அதோடு சேர்ந்து வைரஸும் பெருகும். புது வைரஸ்கள் மேல் அடுக்கில்தான் முழுமை பெற்று உதிரும் செல்லோடு வெளியேறும். இரத்தத்தில் கலந்து உடல் முழுக்கச் சுற்றி வரும் வழக்கம் இதற்குக் கிடையாது. பால் நாளத்திலோ அப்படிப்பட்ட பல அடுக்கே இல்லை, காம்பின் துளைக்குள் நுழைந்ததும் வரும் சின்னப் பகுதியைத் தவிர. மாடு வளர்ப்பவர்கள் மடிக்காம்பில் மரு பார்த்திருப்பார்கள். அது மாட்டுக்குரிய பாப்பிலோமா வைரஸ் செய்வது. அதுவும் காம்பின் தோலில்தான் வருகிறது. (மாட்டின் மரு மனிதருக்குத் தொற்றாது, இந்த வைரஸ்கள் இனம் தாண்டுவது அபூர்வம்.) பெண்களின் காம்புத் தோலிலும் எப்போதாவது ஹெச்.பி.வி. மரு வருவதுண்டு. அது வெளியே கண்ணுக்குத் தெரியும். உங்களுடையது அதுவல்ல.

இந்த வாதத்தில் ஓட்டை இல்லாமல் இல்லை. கருப்பை வாயில் சுரப்பிச் செல்களிலும் ஹெச்.பி.வி. 18 புற்றுநோயை உண்டாக்குகிறது, ஆகவே ‘தட்டைச் செல் இல்லாவிட்டால் வைரஸ் இல்லை’ என்று அடித்துச் சொல்ல முடியாது. கருப்பை வாயில் வைரஸ் குறிவைப்பது இரண்டு வகைப் படலமும் சந்திக்கும் எல்லையை. அப்படியோர் எல்லை காம்புத் துளைக்குள்ளும் இருக்கிறது. அங்கிருந்து வைரஸ் நாளம் வழியே உள்ளே போகலாம் என்பதுதான் தொடர்பு உண்டு என்பவர்களின் கருதுகோள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த எல்லையில் கோளாறு ஏற்படும்போது நாங்கள் வழக்கமாகப் பார்ப்பது வேறொன்று: தட்டைச் செல்கள் நாளத்துக்குள் இறங்கி, கெரட்டின் என்னும் தோல் புரதம் அடைத்து, காம்பைச் சுற்றித் திரும்பத் திரும்பச் சீழ் கட்டும் நோய். அதற்குப் புகைப்பழக்கத்தோடு வலுவான தொடர்பு உண்டு. பாப்பிலோமாவோ அந்த எல்லையைத் தாண்டி உள்ளே, இரண்டு அடுக்குச் செல் பரப்பில் வளர்கிறது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? இங்கேதான் உறுதி குறைகிறது. நீங்கள் இணையத்தில் படித்ததில் பாதி உண்மையும் இங்கிருந்துதான் வருகிறது. 1992இல் இத்தாலியில் ஒரு குழு மார்பகப் புற்றுத் திசுக்களில் ஹெச்.பி.வி. 16இன் டிஎன்ஏவைக் கண்டதாக எழுதியது. அதே ஆண்டு அமெரிக்காவில் இன்னொரு குழு 6, 11, 16, 18 ஆகிய வகைகளைத் தேடி, பங்கு எதுவும் தெரியவில்லை என்று முடித்தது. 2005இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கிலிருந்து வந்த ஆய்வு பரபரப்பானது: 29 புற்றுத் திசுக்களில் 25இலும், அதே பெண்களின் காம்புத் திசுக்களில் 20இலும் பாப்பிலோமா வைரஸ் டிஎன்ஏ இருந்ததாகச் சொன்னது. அதில் முன்னணியில் இருந்த வகை 11. அது மருவை உண்டாக்கும் வகை. கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான 16ஓ 18ஓ அல்ல. பிறகு உலகம் முழுக்க இப்படிப் பல ஆய்வுகள் வந்தன. சிலவற்றில் ஒரு மாதிரியில்கூட வைரஸ் இல்லை, சிலவற்றில் எண்பது சதவீதத்துக்கும் மேல். ஒரே நோயில் ஒரே வைரஸைத் தேடும்போது விடை பூஜ்யத்திலிருந்து எண்பதுக்கு மேல் வரை அலைந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது தேடும் முறையை. இவற்றில் பெரும்பாலானவை புற்றுநோயைப் பற்றியவை என்பதையும் கவனியுங்கள். சாதுவான பாப்பிலோமாவை மட்டும் எடுத்துப் பார்த்தவை குறைவு, அவற்றிலும் மாதிரிகள் சொற்பம். மொத்தத்தில் ஒரு கருத்துக்கு வர அவை போதாது.

முறையில் எங்கே பிசகும் என்று சொல்கிறேன். இந்த ஆய்வுகளில் பயன்படுவது பிசிஆர். ஒரு துளி டிஎன்ஏவைக் கோடிக்கணக்கில் பெருக்கிக் காட்டும் சோதனை. அதன் பலமும் பலவீனமும் அதுதான். பழைய திசுக்கள் மெழுகுக் கட்டியில் பதிந்து கிடக்கும். அவற்றைச் சீவும் அதே கத்தியில் சற்று முன்பு கருப்பை வாய்த் திசுவைச் சீவியிருந்தால் அதன் துணுக்கு ஒட்டிக்கொண்டு வரும். இரண்டு சுற்றுப் பெருக்கம் செய்யும் நெஸ்டட் பிசிஆரில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். காம்புத் தோலின் மேல் சும்மா ஒட்டியிருக்கும் வைரஸும் இதில் தெரியும். மனிதத் தோலில் பாப்பிலோமா வைரஸ்கள் நோய் எதுவும் செய்யாமல் குடியிருப்பது சாதாரணம். இன்னொரு பக்கம், ஃபார்மலினில் பதப்படுத்திப் பல ஆண்டு கிடந்த திசுவில் டிஎன்ஏ துண்டு துண்டாக உடைந்திருக்கும், அதனால் இருக்கும் வைரஸைத் தவறவிடவும் வாய்ப்புண்டு. ஆகவே பிசிஆரில் ‘இருக்கிறது’ என்று வருவது, அந்தக் கட்டியை அந்த வைரஸ்தான் உண்டாக்கியது என்பதற்குச் சான்று ஆகாது. சான்று என்றால் வேறு மாதிரி இருக்க வேண்டும்: வைரஸின் ஈ6, ஈ7 மரபணுக்கள் கட்டியின் செல்லுக்குள்ளேயே வேலை செய்துகொண்டிருப்பதை ஆர்என்ஏ (மரபணு வேலை செய்யும்போது எழுதப்படும் நகல்) அளவில் காட்ட வேண்டும். கருப்பை வாய்ப் புற்றில் அப்படிக் காட்டித்தான் ஜெர்மன் வைரஸ் ஆய்வாளர் ஹரால்ட் சூர் ஹவுசன் தொடங்கிய வாதம் நிலைபெற்றது, 2008இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அமெரிக்காவின் பெரிய புற்றுநோய் மரபணுத் தொகுப்பில் உள்ள ஆயிரக்கணக்கான கட்டிகளின் ஆர்என்ஏவை 2013இல் அலசிப் பார்த்தார்கள். கருப்பை வாய், தலை கழுத்துக் கட்டிகளில் ஹெச்.பி.வி. ஆர்என்ஏ கொட்டிக் கிடந்தது. மார்பகக் கட்டிகளில் பொருட்படுத்தும்படி எதுவும் இல்லை.

எனக்கு இதைவிட வலுவாகத் தோன்றும் சான்று ஆய்வகத்துக்கு வெளியே இருக்கிறது. ஹெச்.ஐ.வி. தொற்று உள்ளவர்கள், சிறுநீரக மாற்று அறுவைக்குப் பின் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எடுப்பவர்கள் ஆகியோரிடம் ஹெச்.பி.வி. சம்பந்தப்பட்ட நோய்கள் தெளிவாகக் கூடுகின்றன. 2007இல் இந்த இரண்டு குழுவினரையும் சேர்த்து அலசிய பெரிய தொகுப்பாய்வில் கருப்பை வாய், ஆசனவாய்ப் புற்றுநோய்கள் கூடியிருந்தன. மார்பகப் புற்று கூடவில்லை. வைரஸ் பெரிய காரணமாக இருந்திருந்தால் இப்படி நடக்காது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையும் ஹெச்.பி.வி. 16க்கு எழுதியிருக்கும் உறுப்புப் பட்டியலில் கருப்பை வாய், ஆசனவாய், தொண்டை போன்றவற்றைச் சேர்த்திருக்கிறது, மார்பகத்தைச் சேர்க்கவில்லை. என் முடிவு இது: மார்பகப் பாப்பிலோமாவுக்கு ஹெச்.பி.வி. காரணம் என்பது நிறுவப்படாத கருதுகோள். எங்கோ சிலரிடம் சிறு பங்கு இருக்கக்கூடும் என்ற கதவை முழுதாக அடைத்துவிட்டதாகச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த இடுக்கு வழியாக உங்கள் சிகிச்சையை மாற்றும்படியான எதுவும் வருவதில்லை.

வைரஸ் இல்லையென்றால் வேறென்ன என்று கேட்பீர்கள். பாதிக்கும் மேற்பட்ட பாப்பிலோமாக்களில் பிஐகே3சிஏ அல்லது ஏகேடி1 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் காணப்படுகிறது. செல்லுக்கு ‘வளர்’ என்று சொல்லும் சமிக்ஞைப் பாதையில் உள்ளவை இவை. நாளத்திலுள்ள ஏதோ ஒரு செல்லில் வாழ்நாளில் நேரும் மாற்றம் இது, பெற்றோரிடமிருந்து வந்ததல்ல, பிள்ளைக்குப் போவதும் அல்ல. இறுக்கமான உள்ளாடை, பால் கட்டிக்கொண்டது, குழந்தைக்குப் பாலூட்டாதது, சாப்பிட்ட கோழி என்று வீட்டில் சொல்லப்படும் எதற்கும் இதில் ஆதாரம் இல்லை. எலிகளில் பால் வழியே பரவி மார்பகப் புற்றை உண்டாக்கும் ஒரு வைரஸ் உண்டு. 1936இல் ஜான் பிட்னர் அந்தப் ‘பால் காரணி’யைப் பற்றி எழுதினார். மனிதரிலும் அப்படி இருக்கலாம் என்ற தேடல் அன்றிலிருந்தே நடக்கிறது, இணையத்தில் அதுவும் உங்கள் கண்ணில் படலாம். அது ஹெச்.பி.வி. அல்ல, முற்றிலும் வேறு குடும்பம். மனிதரில் அதன் பங்கும் நிறுவப்படவில்லை.

பரிசோதனைக்கு வருவோம். பயாப்ஸி எடுத்த மெழுகுக் கட்டியை அனுப்பி ஹெச்.பி.வி. பார்க்கச் சொல்லாதீர்கள். ‘இல்லை’ என்று வந்தாலும் ‘இருக்கிறது’ என்று வந்தாலும் மருத்துவர் செய்யப்போவது ஒன்றுதான். நடுவில் வீட்டில் கிளம்பும் சண்டை மட்டும் மிச்சம். சிலர் பி16 என்ற சாயத்தைப் போட்டுப் பார்க்கலாமே என்பார்கள். தொண்டைப் புற்றில் அது ஹெச்.பி.வி.க்கு நல்ல அடையாளம். மார்பகத்தில் வைரஸ் இல்லாமலே அந்தச் சாயம் பிடிக்கும், ஆகவே பொருளில்லை. கருப்பை வாய்க்கான ஹெச்.பி.வி. சோதனையை இதுவரை செய்துகொள்ளவில்லையென்றால் தாராளமாகச் செய்துகொள்ளுங்கள், முப்பது வயதைத் தாண்டிய எல்லாப் பெண்களுக்கும் உரிய சோதனை என்ற கணக்கில். மார்பகக் கட்டியோடு அதை முடிச்சுப் போட வேண்டாம். ஒருவேளை அதில் ‘இருக்கிறது’ என்று வந்தாலும் அதுவும் யாருக்கும் எதிரான சாட்சியம் ஆகாது. உடலுறவு வாழ்க்கை உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு எப்போதாவது இந்தத் தொற்று வந்து போகிறது, பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டாண்டுக்குள் தானே அடங்கிவிடுகிறது. சிலரிடம் பல ஆண்டு அடங்கிக் கிடந்து பிறகு தலைகாட்டும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது. இந்த இரண்டு வரியைக் கணவரையும் படிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் சிகிச்சையைத் தீர்மானிப்பவை வேறு மூன்று. முதலாவது ஏட்டிப்பியா, அதாவது செல்களின் தோற்றத்திலும் அடுக்கிலும் ஒழுங்கின்மை. உங்களுக்கு இல்லை என்று வந்திருப்பது நல்ல செய்தி. இரண்டாவது, ஸ்கேன் படமும் ஊசி அறிக்கையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்பது. விரிந்த நாளத்துக்குள் சின்ன உருண்டை, இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் தண்டு வழியே ஓட்டம் என்று படம் சொல்லி, ஊசியும் பாப்பிலோமா என்றால் ஒத்துப்போகிறது. படம் ஓரம் கரடுமுரடான கட்டியைக் காட்டி, ஊசி மட்டும் சாதுவென்று சொன்னால் ஊசி தவறான இடத்தில் குத்தியிருக்கக்கூடும். அப்போது அந்த அறிக்கையை நம்பி உட்காரக் கூடாது. ஊசி என்பது கட்டியின் சில துண்டுகளை மட்டும் எடுப்பது. ஏட்டிப்பியா இருக்கும் மூலை ஊசிக்கு அகப்படாமல் போகலாம். மூன்றாவது, கசிவு தொடர்கிறதா என்பது.

முன்பெல்லாம் பாப்பிலோமா என்றாலே வெட்டி எடுத்துவிடுவார்கள். இப்போது எல்லோருக்கும் அப்படி இல்லை. ஊசியில் ஏட்டிப்பியா இல்லாமல், படமும் ஒத்துப்போன 116 பெண்களுக்கு முழுதாக வெட்டி எடுத்துப் பார்த்த அமெரிக்கப் பல மருத்துவமனை ஆய்வு 2021இல் வெளியானது. அவர்களில் இருவருக்கே புற்றுநோய் என்று மாறியது, அதாவது 1.7 சதவீதம். ஏட்டிப்பியா இருந்தால் இந்த மாற்றம் ஏறக்குறைய இருபது முப்பது சதவீதம் வரை போகும். அவர்களுக்கு அறுவை தள்ளிப்போடக் கூடாது. தற்செயலாகத் தெரிந்த, அறிகுறி இல்லாத சின்னப் பாப்பிலோமாவை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் செய்து கவனித்துவரலாம். உங்களுக்கு இரத்தக் கசிவு இருப்பதால் இரண்டு காரணங்களுக்காக நான் எடுத்துவிடும் பக்கம்தான் சாய்வேன்: கசிவு தானாக நிற்கும் என்று நம்ப முடியாது, கட்டியை முழுதாகப் பார்த்தால் ஐயமும் தீரும். ஆனால் உங்கள் ஸ்கேனையோ ஸ்லைடையோ நான் பார்க்கவில்லை, கையால் தொட்டுப் பரிசோதிக்கவும் இல்லை. இறுதி வார்த்தை உங்கள் மார்பக அறுவை மருத்துவருடையது.

எடுக்கும் வழி இரண்டு. ஒன்று, வேக்யூம் பயாப்ஸி கருவி. மரத்துப்போக ஊசி போட்டு, மூன்று நான்கு மில்லிமீட்டர் கீறல் வழியே தடித்த ஊசியை ஸ்கேன் பார்த்தபடி செலுத்தி, கட்டியைத் துண்டு துண்டாக உறிஞ்சி எடுப்பார்கள். தையல் தேவையில்லை, அன்றே வீடு திரும்பலாம், சில நாள் கன்றிப்போய் நீலம் பாய்ந்திருக்கும். துண்டுகளாக வருவதால் ஓரம் சுத்தமாக எடுபட்டதா என்று எங்களால் சொல்ல முடியாது. எடுத்த இடத்தில் சின்ன உலோக அடையாளக் கிளிப் வைக்கச் சொல்லுங்கள். வைக்காமல் விட்டுவிட்டால், பிறகு ஏட்டிப்பியா என்று வரும்போது எந்த இடத்தை வெட்டுவது என்று தேட வேண்டியிருக்கும். இன்னொன்று மைக்ரோடொகெக்டமி, கசியும் அந்த ஒரு நாளத்தை மட்டும் அறுத்து எடுப்பது. அறுவை அரங்கில் காம்பை மெதுவாக அழுத்தி எந்தத் துளையிலிருந்து துளி வருகிறது என்று பார்ப்பார்கள். கண்ணீர்ப் பைக்குப் பயன்படுத்தும் மெல்லிய கம்பியை அதற்குள் விடுவார்கள், அல்லது நீலச் சாயம் ஏற்றுவார்கள். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்தில், சுற்றளவில் பாதிக்கு மிகாமல் கீறி, அந்த நாளத்தை இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம் வரை பிரித்து எடுப்பார்கள். பாதிக்கு மேல் கீறினால் காம்புக்கு இரத்த ஓட்டம் குறைந்து தோல் கருகும் ஆபத்து உண்டு.

இதில் தவறிப்போகும் இடங்களை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. அறுவைக்கு முந்தைய ஒரு வாரம் ‘இன்னும் வருகிறதா’ என்று பிதுக்கிப் பார்க்காதீர்கள். நாளம் காலியாகிவிட்டால் அரங்கில் துளி வராது, சரியான துளையைக் கண்டுபிடிக்க முடியாமல் பக்கத்து நாளத்தை எடுத்துவிட நேரும். எந்தத் துளை என்று கடிகார முள் கணக்கில் குறித்துவைத்துச் சொல்லுங்கள். மூன்று மணி, ஏழு மணி என்று. எடுத்த திசுவின் காம்புப் பக்க நுனியில் ஒரு தையல் அடையாளம் போட்டு, வெட்டிப் பார்க்காமல் முழுதாக ஃபார்மலினில் அனுப்பச் சொல்லுங்கள். அரங்கில் இருக்கும்போதே ஃப்ரோசன் செக்‌ஷன் (திசுவை உறையவைத்து உடனடியாகச் சீவும் சோதனை) பார்த்து முடிவு கேட்பது பாப்பிலோமாவுக்கு ஒத்துவராது. உறைந்த திசுவில் செல் அடுக்குகள் சிதைந்து, சாதுவைப் புற்று என்றோ புற்றைச் சாது என்றோ வாசித்துவிடும் பொறி அது. அறுவைக்குப் பின் காம்பில் உணர்ச்சி கொஞ்சம் மந்தமாகலாம், லேசாக உள்ளிழுக்கலாம். கசிவு மறுபடி வந்தால் அது பெரும்பாலும் வேறொரு நாளம். எல்லா நாளங்களையும் மொத்தமாக எடுக்கும் அறுவை இன்னொன்று. அதற்குப் பின் அந்தப் பக்கம் பாலூட்ட முடியாது, அதனால் இன்னும் குழந்தை பெற எண்ணும் பெண்கள் இதை முன்பே கேட்டுத் தெளிய வேண்டும்.

கசிவுத் துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்க்கும் சோதனையில் ‘புற்றுச் செல் இல்லை’ என்று வந்தால் அதை வைத்து நிம்மதியாகிவிடாதீர்கள். அது பலதைத் தவறவிடும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: இரண்டு பக்கமும் பல துளைகளிலிருந்து பால் போல் வந்தால் பெரும்பாலும் கதை வேறு. முதலில் கர்ப்பம் இல்லையென்று உறுதி செய்துகொண்டு பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டினும் தைராய்டும் பார்க்க வேண்டும். வயிற்றுக்கு எடுக்கும் டொம்பெரிடோன், லெவோசல்பிரைட், மனநல மருந்தான ரிஸ்பெரிடோன் ஆகியவை புரோலாக்டினை ஏற்றிப் பால் சுரக்க வைக்கும்.

பிற்கால அபாயம் பற்றி அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை 2006இல் வெளியிட்ட ஆய்வு பயன்படும். மார்பகத்தில் சாது பயாப்ஸி செய்துகொண்ட ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பல ஆண்டு தொடர்ந்து பார்த்தது. ஏட்டிப்பியா இல்லாத ஒற்றைப் பாப்பிலோமா இருந்தவர்களுக்கு மார்பகப் புற்று வரும் வாய்ப்பு பொதுப் பெண்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. பலவாக இருந்தால் மூன்று மடங்கு. ஒற்றையோடு ஏட்டிப்பியாவும் இருந்தால் ஐந்து, பலவும் ஏட்டிப்பியாவும் சேர்ந்தால் ஏழு. இரண்டு மடங்கு என்றதும் திடுக்கிட வேண்டாம். சாதாரணச் செல் பெருக்கம் என்று அறிக்கை வாங்கிய பெண்ணுக்கும் ஏறத்தாழ இதே அளவுதான். இந்தியப் பெண்களுக்கு அடிப்படை அபாயமே மேலை நாடுகளைவிடக் குறைவு, ஆகவே அதன் இரு மடங்கும் சிறிய எண்தான். கூடிய அபாயம் அந்த ஒரு நாளத்துக்கு மட்டும் உரியதல்ல, இரு மார்பகத்துக்கும் சேர்ந்தது. ஆகவே கட்டியை எடுத்த பிறகும் ஆண்டுக்கு ஒருமுறை மேமோகிராமும் மருத்துவர் கைப் பரிசோதனையும் தொடர வேண்டும். தாய், சகோதரி யாருக்காவது மார்பக அல்லது சினைப்பைப் புற்று இருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், திட்டம் மாறலாம்.

மகள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாப்பிலோமா ஒட்டாது: தொட்டாலும், ஒரே துணியைப் பயன்படுத்தினாலும், அந்த மார்பில் முன்பு பால் குடித்திருந்தாலும். தடுப்பூசி உங்கள் கட்டியைக் கரைக்காது. அது வராத தொற்றைத் தடுப்பது, வந்ததைக் குணப்படுத்தும் மருந்தல்ல. உங்கள் கட்டிக்கு அந்தத் தொற்றே காரணமென்றும் சொல்ல முடியாது. உண்மையில் ஹெச்.பி.வி. உண்டாக்கும் பாப்பிலோமாவில் தடுப்பூசி என்ன செய்யும் என்பதற்கு ஆஸ்திரேலியா எடுத்துக்காட்டு: 2007இல் பெண்பிள்ளைகளுக்குப் போடத் தொடங்கிய பிறகு, பிறப்பின்போது தாயிடமிருந்து தொற்றிச் சிறு குழந்தைகளின் குரல்வளையில் வரும் பாப்பிலோமா அங்கே அபூர்வமாகிவிட்டது. 12 வயது மகளுக்குத் தடுப்பூசி போடச் சரியான வயது இதுதான், கருப்பை வாய்ப் புற்றைத் தடுப்பதற்காக. 9 முதல் 14 வயதுக்குள் என்றால் வழக்கமாக ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. 15 வயது ஆகிவிட்டால் மூன்று. புனே சீரம் நிறுவனத்தின் செர்வாவாக் 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளுக்கும் எதிரானது, வெளிநாட்டு ஊசியைவிட விலையும் குறைவு. பிள்ளைக்கு ஊசி போட அழைத்துப் போகும் நாளுக்குள் உங்கள் அறுவை மருத்துவரையும் ஸ்கேன் படங்கள், பயாப்ஸி அறிக்கை இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு பார்த்துவிடுங்கள். அதற்கு முன்பே மார்பகத்தில் புதிதாகக் கட்டி கைக்குத் தட்டுப்பட்டாலோ, காம்பின் தோல் சொறிபோல் உரிந்து ஆறாமல் நின்றாலோ, காம்பு திடீரென உள்ளிழுத்தாலோ அந்த நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம்.